வாசித்துக் காட்டாத தாள்

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் அந்த பிளெக்ஸ் மூன்று நாள் நிற்பதாக இருந்தது. ஒன்றரை நாளில் இறக்கிவிட்டார்கள். அந்த ஒன்றரை நாளே போதுமானதாகிவிட்டது. அதில் மொட்டைத்தலையோடு ஒரு ஆறு வயதுச் சிறுமி தன் அக்காவின் மடியில் உட்கார்ந்திருப்பாள். அவர்களுக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: ‘அக்கா தரும் எலும்பு மஜ்ஜையில் துளிர்க்கட்டும் இந்தத் தளிர்!’ படம் எடுத்ததும் நான்தான், அந்த வரியை எழுதியதும் நான்தான். எழுதி முடித்து இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நான் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்கிறார்கள். அங்கே வரும் ஏழைக் குடும்பங்களுக்கு மருந்துச் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் வழி செய்வது எங்கள் வேலை. கோச்சடையில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறோம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் குடும்பங்கள் அங்கே தங்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், வெளிச்சாப்பாடு கூடாது, பூ வைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் போகக்கூடாது என்று ஆயிரம் விதிகள். அதையெல்லாம் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதும், ஒவ்வொரு பிள்ளையின் கதையையும் எழுதி, படத்தோடு நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதும் என் பொறுப்பு.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராது. நான் சமூகப் பணியில் முதுகலை முடித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவள். அலுவலகம் முடிந்த பிறகும் அட்டையைக் கழற்ற மாட்டேன். எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கி வீடு வரை அதோடுதான் நடப்பேன். யாராவது பார்க்கட்டும் என்றுதான்.

அந்தச் சிறுமியின் குடும்பம் அலங்காநல்லூர் பக்கம். எங்கள் ஊரிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வடக்கே எங்கோ வேலை பார்த்தார். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். மூத்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் பதின்மூன்று வருட இடைவெளி. சின்னவளுக்கு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ரத்தத்தை உண்டாக்குவதையே நிறுத்திவிட்டது. மாதத்துக்கு மூன்று நான்கு தடவை ரத்தம் ஏற்றி ஏற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் அக்காவின் மஜ்ஜை முழுக்கப் பொருந்தியது. அன்று அந்த அம்மா மருத்துவமனைத் தரையிலேயே விழுந்து கும்பிட்டார்.

நான் இன்ன ஊர் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “நம்ம பக்கத்துப் புள்ளையா தாயி நீ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மருத்துவர் எது சொன்னாலும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால் சரி என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

சின்னவளை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோச்சடை வீட்டு முற்றத்தில் அவளுக்கு மொட்டை போட்டார்கள். மருந்து ஏற்றினால் முடி எப்படியும் கொட்டும், முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது என்று செவிலியர் சொல்லியிருந்தார். சின்னவள் அழவில்லை. அக்காவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, ஒன் எலும்ப எனக்குக் குடுத்துட்டா நீ எப்புடி நடப்ப?” என்று கேட்டாள்.

“எனக்கு ரெண்டு எலும்பு கூட இருக்குடி. அதுல ஒன்னுதான் ஒனக்கு” என்றாள் அக்கா.

“அப்ப மிச்சம் ஒன்ன நாய்க்குப் போட்டுருவியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கைபேசியை எடுத்தேன். “கொஞ்சம் பாப்பா முகத்தப் பாருங்க, கேமராவப் பாக்காதீங்க” என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் பார்த்தாள். நல்ல வெளிச்சம், நல்ல படம். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பெரியவள் கீழ்த்தளத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றாள். நான் மாடியில் அவளுடைய அம்மாவிடம் எங்கள் படிவத்தை நீட்டினேன். நான்கு பக்கம். அதில் மூன்றாவது பக்கத்தில், குழந்தையின் படத்தையும் குடும்ப விவரத்தையும் நிதி திரட்டப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு பத்தி இருக்கும். விருப்பம் இல்லாவிட்டால் அதை அடித்துவிடலாம் என்றும் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நான் அடையாளம் போட்ட இடங்களில் எல்லாம் அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். என் அம்மா எழுதுவது போலவே இருந்தது. மூன்றாவது பக்கத்துக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினார்.

“இதுல என்ன தாயி போட்டுருக்கு?”

“எல்லாம் வழக்கமான பேப்பர்தான்க்கா. ஒதவி கெடைக்கிறதுக்கு.”

அவர் எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். பெரியவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்களாம். வருகிற ஆவணியில். மாப்பிள்ளை வீட்டுக்குச் சின்னவளுக்கு ரத்தம் குறைவு என்று மட்டும்தான் தெரியும். மஜ்ஜை மாற்றுவதோ, பெரியவள்தான் கொடுக்கப்போகிறாள் என்பதோ தெரியாது. “அவ பேரு வெளிய அடிபடக் கூடாது தாயி. கல்யாணம் முடியிற வரைக்கும் ஊருக்குள்ள மூச்சு விட்றாத” என்றார். நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, சத்தியமாக வெளியே போகாது என்றேன்.

அப்படிச் சொன்னபோது நான் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரை மாற்றித்தான் எழுதப்போகிறேன், ஊரைச் சொல்லப்போவதில்லை, அது போதும் என்று நினைத்தேன். முகத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை வீடு எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை சின்னவளைக் கண்ணாடி அறைக்குள் சேர்த்தார்கள். காற்றைக் கூட வடிகட்டி அனுப்பும் அறை. உள்ளே அம்மா மட்டும் இருக்கலாம். மற்றவர்கள் வெளியே நின்று தொலைபேசியில் பேச வேண்டும். அவள் நெஞ்சில் மருந்து ஏற்றுவதற்காக ஒரு குழாய் தொங்கும். அதை அவள் ‘என் வாலு’ என்பாள். வியாழக்கிழமை மருந்து ஆரம்பித்தது. அந்த மருந்து அவளுக்குள் மிச்சமிருக்கும் மஜ்ஜையை முழுக்கக் காலி செய்துவிடும். நான்கு நாள் ஏற்றி, திங்கட்கிழமை காலை அக்காவின் மஜ்ஜையை எடுத்து இவளுக்குள் செலுத்துவார்கள். மருந்து ஆரம்பித்துவிட்டால் பின்வாங்க முடியாது என்று மருத்துவர் எல்லோரையும் உட்கார வைத்து மூன்று முறை சொன்னார். அதை நானும் என் பங்குக்கு நான்காவது முறையாக எளிய தமிழில் சொன்னேன்.

இதற்கு நடுவில்தான் திருமங்கலத்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். தண்ணீர் மோட்டார்க் கடை வைத்திருப்பவர், எங்கள் அறக்கட்டளைக்குப் பழைய நன்கொடையாளர். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மண்டபத்தில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. வருகிறவர்கள் மொய், சீர் என்று செய்முறை எதுவும் செய்ய வேண்டாம், செய்ய நினைப்பதை மஜ்ஜை சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்காக வாசலில் வைக்கும் உண்டியலில் போடட்டும் என்று முடிவு செய்திருந்தார். எங்கள் பக்கம் செய்முறையை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். அவருக்கு அது இருந்தது. ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே, ஒரு படமும் நாலு வரியும் அனுப்பம்மா, பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கணும் என்றார்.

பத்து நிமிடத்தில் அனுப்பினேன். மொட்டைத்தலையும் அக்காவின் மடியும் இருந்த அந்தப் படம். அந்த வரி. படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், அப்போதுதான் மனதைத் தொடும் என்றும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவுக வீட்ல சம்மதந்தானம்மா? பொம்பளப் புள்ள மொகம் இருக்கே.”

“கையெழுத்து இருக்கு அண்ணாச்சி” என்றேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் எங்கள் பள்ளிக்கு வந்து ஏழை மாணவிகளுக்குப் பையும் சீருடையும் கொடுத்தார்கள். மேடையில் ஏறிப் பையை வாங்கினேன். கொடுத்தவர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. படம் எடுக்கிறவர் “பாப்பா, இங்க பாரு, சிரி” என்றார். சிரித்தேன். மறுநாள் பேப்பரில் வந்தது, ‘ஏழை மாணவிக்கு உதவி’ என்று. அடுத்த இரண்டு வருடம் வகுப்பில் என் பெயர் ‘பேப்பர்க்காரி’. அந்தப் பையைத் தைத்துத் தைத்து வைத்துக்கொண்டாலும் சங்கத்தின் பெயர் எழுதிய பக்கத்தை முதுகுப் பக்கமாகத் திருப்பித்தான் மாட்டுவேன். அப்பா வெட்டி வைத்திருந்த அந்தச் செய்தியை ஒருநாள் அடுப்பில் போட்டேன்.

இந்த வேலைக்கான நேர்காணலில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். உதவி வாங்குகிறவர்கள் தலை குனியாதபடி உதவி செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை என்றேன். எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். அன்றே வேலை கிடைத்தது.

சனிக்கிழமை காலை நான் வார்டுக்குப் போனபோது அந்த அம்மா கண்ணாடி அறைக்கு வெளியே, கை கழுவும் இடத்தில் நின்றிருந்தார். பெரியவள் முந்தின நாள் சாயங்காலம் துணிமணி எடுத்துவரப் போகிறேன் என்று ஊருக்குப் போனவள். காலையிலிருந்து அவள் போன் அணைந்து கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் இவருக்கு போன் வந்தது. மாப்பிள்ளை வீடு திருமங்கலம். வெள்ளிக்கிழமையே கட்டிவிட்ட பிளெக்ஸை மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளையின் சித்தி படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம். எலும்பில் துளை போட்ட பெண்ணுக்கு நாளைக்குப் பிள்ளை தங்குமா என்று கேட்டார்களாம். ரத்தத்தில் நோவு உள்ள வீடு என்பதை ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டார்களாம். கடைசியில், பெரியவள் மஜ்ஜை கொடுக்காமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

அவர் அழவில்லை. அழுதால் முகம் வீங்கும், சின்னவள் கண்டுபிடித்துவிடுவாள். என்னைப் பார்த்து, “நீ என்னம்மா எழுதிக் குடுத்த?” என்றார். தாயி என்று சொல்லவில்லை.

நான் சொன்ன பதில் இது: “நான் சாதாரணமாத்தான்க்கா குடுத்தேன். அவங்க இம்புட்டுப் பெருசாப் போடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெரிதாகப் போடச் சொன்னதே நான்தான்.

அறக்கட்டளையை நடத்தும் மேடத்திடமும் போனில் அதையே சொன்னேன். அண்ணாச்சி கேட்காமல் செய்துவிட்டார் என்கிற மாதிரி வார்த்தைகளை அடுக்கினேன். மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். மூன்றாவது நாள் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குள் இப்போது சொந்தமாக எதுவும் மிச்சமில்லை. திங்கட்கிழமை காலை அக்கா வந்தே ஆக வேண்டும். அப்பாவின் மஜ்ஜை பாதிதான் பொருந்துகிறது. அவர் எந்த மாநிலத்தில் எந்த லாரியில் இருக்கிறார் என்பதும் தெரியவில்லை. மருத்துவர் குரலை உயர்த்தவே இல்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பெரியவளிடம் என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டே போனேன். அவள் பயந்திருப்பாள், அவளுக்கு விஷயத்தை விளக்க வேண்டும், விளக்குவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றே அப்போதும் நினைத்தேன். பையில், மஜ்ஜை எடுப்பதைப் படம் போட்டு விளக்கும் துண்டறிக்கை ஒன்றும் வைத்திருந்தேன்.

அவள் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் எடுத்த சேலை. பக்கத்தில் ஒரு மோதிர டப்பா. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கக்கா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். இடுப்பெலும்பிலிருந்து ஊசி வழியாகத்தான் எடுப்பார்கள், மயக்கம் கொடுத்துவிடுவார்கள், எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் திரும்ப ஊறிவிடும், கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்றேன். தங்கையின் உயிர் என்றேன். கூடப் பிறந்த பாசம் என்றேன். கல்யாணம் இன்று இல்லாவிட்டால் நாளை என்றும் சொன்னேன். துண்டறிக்கையை விரித்துக் காட்டினேன். பத்து நிமிடம் இருக்கும். அவள் சேலையின் மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, ஓரத்தை ஒட்டினாள்.

“முடிச்சுட்டீங்களாக்கா?” என்றாள். “நான் குடுக்க மாட்டேன்னு யாரு சொன்னா?”

போன் அணைந்திருக்கிறதே என்றேன்.

“ஆமா, அணைச்சுத்தான் வச்சேன். மாப்ள வீட்ல பேசிக்கிட்டே இருக்காக. அம்மாவும் பேசுவா, பேசுனா அழுவா, அழுதா பாப்பாவுக்குத் தெரிஞ்சுரும். சம்பந்தம் பேசிவிட்ட மாமா மத்தியானம் வாராக. இந்தச் சேலையையும் மோதரத்தையும் அவுக கையில குடுத்துட்டு மூணு மணி பஸ்ஸுக்கு வரணும்னு இருந்தேன். குடுக்காதன்னு சொன்ன வீட்ல நான் எப்புடிப் போயி வாழுறது?”

பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீங்க எழுதுனத வாசிச்சேன்க்கா. அவுக போன்ல அனுப்புனாக. நல்லாத்தான் எழுதியிருந்துச்சு” என்றாள். “ஒன்னுதான் கேக்கணும். நான் பன்னெண்டாவது முடிச்சிருக்கேன். எனக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் பேப்பர என்கிட்ட நீட்டாம, ஏன் அம்மாகிட்ட நீட்டுனீங்க?”

எனக்குப் பதில் தெரியும். அந்தத் திங்கட்கிழமை அவள் கீழ்த்தளத்தில் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் படிவத்தோடு மாடிக்கு ஓடினேன். மருத்துவமனைத் தாள்கள் ஒவ்வொன்றையும் அவள் வாசிப்பாள், இது என்ன, அது என்ன என்று கேட்பாள் என்று செவிலியர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். மூன்றாவது பக்கத்தை அவள் அடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. அவள் மேலே வருவதற்குள் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் தாளை நீட்டுவது எவ்வளவு சுலபம் என்பது எனக்கு வீட்டிலேயே தெரியும். என் அம்மாவிடம் ரேஷன் கடையிலும் வங்கியிலும் அப்படித்தான் நீட்டுவார்கள். அதைப் பார்த்துக் கோபப்பட்டுத்தான் நான் படித்தேன் என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

“தப்புப் பண்ணிட்டேன்” என்று மட்டும் சொன்னேன்.

“கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்க்கா” என்றாள். “ஆனா இப்ப அதுக்கு நேரம் இல்ல.”

அந்த மாமா வந்தார். சேலையையும் மோதிரத்தையும் வாங்கிக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீதானா அந்த ஆஸ்பத்திரிக்காரப் புள்ள?” என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணி பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அவள் பார்த்தாள். பஸ்ஸிலிருந்தே அண்ணாச்சியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் அடுக்கவில்லை. அந்த அம்மா ஊருக்குத் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். மறுமுனையில் அவருக்குப் பின்னால் பந்தல் போடுகிறவர்கள் பேசுவது கேட்டது.

“நான் கேட்டனேம்மா” என்றார் அண்ணாச்சி.

அவ்வளவுதான். திட்டவில்லை. ஒரு மணி நேரத்தில் வாசலில் வெறும் சவுக்குக் கம்புகள் நிற்கிற படத்தை அனுப்பினார். மறுநாள் காதுகுத்துக்கு, ‘மஜ்ஜை சிகிச்சையில் இருக்கும் ஒரு குழந்தைக்காக’ என்று ஒரு அட்டையில் கையால் எழுதி உண்டியல் மேல் ஒட்டினாராம். பிறகு விசாரித்ததில், உண்டியல் நிறைந்துதான் இருந்தது. படமும் தேவைப்பட்டிருக்கவில்லை, என் வரியும் தேவைப்பட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பெரியவளை உள்ளே கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் மஜ்ஜை வந்துவிட்டது. ரத்தம் ஏற்றும் பை போலத்தான் இருந்தது, கொஞ்சம் அடர்ந்த சிவப்பு. ‘வாலு’ வழியாக அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைச் சின்னவள் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து என்னிடம் கேட்டாள்: “இம்புட்டுத்தானா? எலும்பு எங்க?” சாயங்காலம் பெரியவள் சக்கர நாற்காலியில் வந்து கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கட்டு, நிமிர முடியவில்லை. சின்னவள், அக்கா பொய் சொல்லிவிட்டாள், எலும்பே தரவில்லை, தண்ணிதான் தந்தாள் என்று செவிலியரிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலையை விட்டுவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இனிமேல் படிவத்தை இரண்டு பேர் வாசித்துக் காட்ட வேண்டும், அதில் ஒருவர் நம் ஆளாக இருக்கக் கூடாது என்று விதியை மாற்றினார். அண்ணாச்சியிடம் நீயே நேரில் போய்ப் பேசு என்றார். போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். வேறெதையோ பேசினார். தண்டனை எதுவும் கிடைக்காதது எனக்கு எளிதாக இல்லை.

ஏறக்குறைய மூன்று வாரத்தில் சின்னவளின் ரத்தத்தில் அக்காவின் மஜ்ஜை பிடித்துக்கொண்டது தெரிந்தது. எண்ணிக்கை மெல்ல ஏறியது. அவளுக்குப் பசித்தது. சால்னா ஊற்றிப் பரோட்டா வேண்டும் என்று கேட்டு அழுதாள். அவள் அழுததைக் கேட்டு வார்டே சந்தோஷப்பட்டது. திருமங்கலத்திலிருந்து யாரும் திரும்பப் பேசவில்லை. ஆவணி வந்து போனது.

அவர்கள் கோச்சடை வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில், அடுத்த ஆறு மாத மருந்து உதவிக்கான புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே எந்த இடத்தில் நிறுத்தி எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டேன். அந்த அம்மா முற்றத்தில் உட்கார்ந்து பாத்திரங்களுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நான் நீட்டிய தாளை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே திரும்பி உள்ளே நீட்டினார்.

“நீ வாசிச்சுச் சொல்லு” என்றார் பெரியவளிடம்.

அவள் வந்து வாசல்படியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தாள். வேகமாக வாசிக்கவில்லை. மருந்துகளின் பெயர்கள் வந்த இடத்தில் எழுத்துக் கூட்டினாள். அம்மா ஒவ்வொரு பத்திக்கும் ‘ம்’ என்றார். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது பக்கம் வந்ததும் படத்தைப் பற்றிய பத்தியையும் அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தையும் வாசித்தாள். பேனாவுக்காகக் கையை நீட்டினாள். கொடுத்தேன். அந்தப் பத்தியின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டாள்.

“இப்புடி அடிச்சா ஒதவி நிக்காதுலக்கா?”

“நிக்காது” என்றேன்.

“அன்னைக்கே அடிச்சிருந்தாலும் நின்னுருக்காதுல?”

அம்மா வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒன்றரை மாதத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“நின்னுருக்காது” என்றேன்.

பெரியவள் தாளை அம்மாவிடம் கொடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார்.